அப்டேட் போட்டதும் போன் சுடுகிறதா? அவசரப்பட்டுச் செய்யக்கூடாதவை

இரவு அப்டேட் போட்டுவிட்டுப் படுக்கிறோம். காலையில் எடுத்தால் கேமராவுக்குக் கீழே போனின் முதுகு சுடுகிறது. மதியத்துக்குள் பேட்டரி பாதியாகிவிடுகிறது. உடனே மனம் பதறி ஏதாவது செய்யத் தோன்றும். பல போன்கள் உண்மையிலேயே பழுதாவது அந்தப் பதற்றத்தில்தான்.

‘அப்டேட் முடிந்தது’ என்று திரை சொன்னாலும் உள்ளே வேலை முடிந்திருக்காது. ஆண்ட்ராய்டு போன், இருக்கிற செயலிகளைப் புதிய சிஸ்டத்துக்கு ஏற்றபடி மறுபடி தயார் செய்துகொண்டிருக்கும். ஐபோன் தேடலுக்கான அட்டவணையைப் புதிதாகப் போடும், போட்டோக்களில் முகங்களை மறுபடி அலசும். கூடவே செயலிகளும் வரிசையாக அப்டேட் ஆகும். படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இதற்கு ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். அதுவரை லேசான சூடு இயல்புதான்.

குளிர வைக்கிறேன் என்று போனை ஃபிரிட்ஜில் வைப்பது எனக்குத் தெரிந்து மிக மோசமான தவறு. என் அக்கா ஒருமுறை அப்படிச் செய்தார். பத்து நிமிடம் கழித்து வெளியே எடுத்தபோது போன் ஜில்லென்றுதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் கேமரா கண்ணாடிக்கு உள்பக்கம் பொடிப்பொடியாக நீர் முத்துகள் பூத்தன. குளிர்ந்த பொருள்மேல் காற்றின் ஈரம் படியும், போனுக்குள்ளும் அதுதான் நடக்கும். தண்ணீர் புகாத போன் என்றாலும் உள்ளே ஏற்கெனவே இருக்கும் காற்றின் ஈரத்தை அது தடுக்காது. ஃப்ரீசர் இன்னும் ஆபத்து. ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரைதான். கவரைக் கழற்றி, வெயில் படாத இடத்தில், மேஜைமேல் மின்விசிறிக் காற்றில் வையுங்கள். அது போதும்.

அடுத்தது, முதல் நாளே ஃபேக்டரி ரீசெட் போடுவது, அதாவது போனில் இருப்பதையெல்லாம் அழித்துப் புதிதுபோல் ஆக்குவது. எல்லாச் செயலிகளையும் மறுபடி இறக்கி, எல்லாப் படங்களையும் மறுபடி அலச வேண்டியிருக்கும். பாதி முடிந்த வேலையை முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறோம், சூடு இன்னும் கூடும். ரீசெட் கடைசி வழியாகவே இருக்கட்டும், அதுவும் பேக்கப் எடுத்த பிறகு.

திறந்திருக்கும் செயலிகளை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தள்ளி மூடுவதிலும் பயனில்லை. மூடியதைத் திரும்பத் திறக்கும்போது பிராசசர் முதலிலிருந்து உழைக்க வேண்டும். ‘போன் கூலர்’ என்று வரும் செயலிகளை நம்பவே நம்பாதீர்கள். ஒரு செயலியால் போனைக் குளிர்விக்க முடியாது. அதுவும் பின்னணியில் ஓடி விளம்பரம் காட்டும் இன்னொரு சுமைதான்.

சார்ஜ் விஷயத்தில் கவனம் தேவை. இந்தப் பின்னணி வேலைகளில் பெரும்பகுதி, போன் சும்மா கிடந்து சார்ஜ் ஏறும்போதுதான் நடக்கும். அதனால் இரண்டு இரவு வைஃபையில் போட்டு, சார்ஜில் விட்டுவிடுவது நல்லது. ஆனால் தலையணைக்கு அடியிலோ மெத்தைமேலோ வேண்டாம். அதிவேக சார்ஜிங்கை அணைக்க வழி இருந்தால் அணைத்துவிடுங்கள். சார்ஜ் போட்டபடியே கேம் ஆடுவதும் வீடியோ காலில் பேசுவதும் சூட்டின்மேல் சூடு. திரை மங்கினாலோ சார்ஜ் ஏறுவது நின்றாலோ பதறாதீர்கள், போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. பிடிவாதமாக வெளிச்சத்தைக் கூட்டாமல் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள்.

சரி, மூன்று நான்கு நாளாகியும் சூடு குறையவில்லையா? அப்போது ‘தானாகச் சரியாகிவிடும்’ என்று காத்திருப்பதுதான் தவறு. 2023 செப்டம்பரில் ஐபோன் 15 வந்தபோது பலருக்குப் போன் சுட்டது. முதல் சில நாள் சூடு இயல்பு என்று சொன்ன ஆப்பிள், ஐபோன் சிஸ்டமான ஐஓஎஸ் 17-இல் ஒரு பிழை இருப்பதையும் சில செயலிகள் அளவுக்கு மீறிச் சுமை கொடுப்பதையும் சேர்த்தே ஒப்புக்கொண்டது. அக்டோபரில் 17.0.3 அப்டேட்டில் திருத்தம் வந்தது. ஆகவே அடுத்து வரும் சின்ன அப்டேட்டை ‘இன்னொன்றா!’ என்று ஒதுக்காதீர்கள், மருந்தே அதில் இருக்கலாம். செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைத் திறந்து, நீங்கள் தொடாத செயலி ஏதாவது மேலே நிற்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை அப்டேட் செய்யுங்கள், அல்லது நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள். ஆண்ட்ராய்டில், நீங்கள் நிறுவிய செயலிகள் ஓடாத சேஃப் மோடில் சில மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாம். அங்கே சூடு இல்லையென்றால் நீங்கள் நிறுவிய ஏதோ ஒரு செயலிதான் காரணம்.

பழைய வெர்ஷனுக்குத் திரும்ப, எங்கிருந்தோ இறக்கிய ஃபைலை ஃபிளாஷ் செய்யும், அதாவது கணினி வழியாகப் போனில் சிஸ்டத்தையே மாற்றி எழுதும் யோசனை வேண்டாம். பழையதை ஏற்காத பாதுகாப்புப் பூட்டு பல போன்களில் உண்டு. தகவல்கள் அழியும், போனே எழாமலும் போகலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் பொறுமை கூடாது. பின்மூடி உப்பினாலோ, திரை ஓரத்தில் தூக்கினாலோ, இனிப்பான ரசாயன வாடை வந்தாலோ அது அப்டேட் சூடு இல்லை, பேட்டரி வீக்கம். உடனே சார்ஜரைக் கழற்றி, போனை அணைத்துவிடுங்கள். உப்பிய மூடியை அழுத்திப் பொருத்தப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்தவே கூடாது. எளிதில் தீப்பிடிக்கும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, சர்வீஸ் சென்டரைக் கூப்பிட்டு எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று கேளுங்கள்.