சொந்த அனுபவத்தை வியாபாரத் திட்டத்தில் எழுதுவது எப்படி?

சிறுதொழிற் கடனுக்காக முதன்முறை வியாபாரத் திட்டம் எழுதுகிறவர்கள் பலர், "எனக்கு இத்துறையில் நீண்டகால அனுபவம் உண்டு" என்ற ஒரே வரியோடு முடித்துவிடுகிறார்கள். வங்கி முகாமையாளர் அந்த வரியை வைத்து எந்தக் கணக்கையும் பார்க்க முடியாது. யாழ்ப்பாணத்தில் வறுத்த மிளகாய்த்தூள் செய்து விற்கும் நான், என் திட்டத்தை மூன்று தடவை திருத்தி எழுதியபோது கற்றுக்கொண்ட முறையை இங்கே தருகிறேன்.

முதலில், எதை, எவ்வளவு, என்ன விலைக்கு வாங்கினீர்கள், யாருக்கு விற்றீர்கள் என்பவற்றை ஒரு கொப்பியில் மாதவாரியாக எழுதுங்கள். வசன அழகு தேவையில்லை.

அடுத்து, ஒவ்வோர் அனுபவத்தையும் அளவாக மாற்றுங்கள். இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். சுன்னாகம் சந்தையில் வாங்கும் 10 கிலோ செத்தல் மிளகாய், காம்பு கிள்ளி, வெயிலில் காயவைத்து, வறுத்து எடுக்கும்போது என் கையில் 8 கிலோ அளவில்தான் நின்றது. அதாவது, மிளகாய்ச் செலவு, வாங்கிய விலையைவிடக் கிலோவுக்குக் கால்பங்கு கூடுகிறது. தொடக்கத்தில் இதைக் கவனியாமல் விலை வைத்ததால், விற்ற ஒவ்வொரு பைக்கற்றிலும் நட்டப்பட்டேன்.

மூன்றாவதாக, நடந்த பிழையை மறைக்காதீர்கள். ஒரு கார்த்திகையில், மழை விடாத நாட்களில், சரியாகக் காயாத மிளகாயை அரைத்துவிட்டேன். இரண்டு கிழமைக்குள் தூள் கட்டிபட்டு, கடைக்காரர் பைக்கற்றுகளைத் திருப்பித் தந்தார். இடர்கள் என்ற பகுதியில் இதை அப்படியே எழுதி, மாரி மாதங்களுக்கு வேண்டிய மிளகாய் ஐப்பசிக்கு முன்னரே காயவைக்கப்பட்டுக் காற்றுப் புகாத வாளிகளில் வைக்கப்படும் என்றும், வாளிகளின் விலை ஆரம்ப முதலீட்டில் சேர்க்கப்பட்டுள்ளது என்றும் கீழே குறிப்பிட்டேன். முகாமையாளர் அதிக நேரம் நின்று வாசித்த பக்கம் அதுதான்.

விற்பனையை மதிப்பிடும்போது நல்ல மாதத்தை மட்டும் பார்க்காதீர்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும், வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் திரும்பிப் போகும்போது தூள் கட்டிக்கொண்டு போவார்கள். அந்த விற்பனையைப் பன்னிரண்டால் பெருக்கி வருட வருமானமாகக் காட்டுவது, கடனை அடைக்கும் காலத்தில் உங்களையே நெருக்கும்.

வியாபாரப் பெயர்ப் பதிவைப் பற்றிப் பிரதேச செயலகத்திலும், உணவுச் சுகாதாரத்தைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் நேரில் கேட்டு எழுதுங்கள்.

எழுதி முடித்ததும், அதே வேலை தெரிந்த ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். என் மாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வறுக்கிற விறகுக் காசு எங்கே பிள்ளை?" என்றார். மூன்றாவது தடவை திட்டத்தை எழுதியது அதற்காகத்தான்.