பிடித்த பி.எஃப். கணக்கில் ஏறியதா? பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு

திருப்பூரில் சனிக்கிழமை சம்பளக் கவரில் பி.எஃப். என்று ஒரு தொகை கழிந்திருப்பதாலேயே அது உங்கள் கணக்கில் ஏறிவிட்டதாக ஆகாது. பிடிப்பதும் கம்பெனி, கட்டுவதும் கம்பெனி. ஒரு மாதச் சம்பளத்துக்கான பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். அதனால் 20ஆம் தேதிக்கு மேல் பார்த்தால் போதும். மாதாமாதம் பார்க்க வேண்டும். மூன்று வருஷம் கழித்து, கல்யாணத்துக்கோ வீட்டுக்கோ பணம் எடுக்கப் போகும்போது பார்த்தால், கம்பெனி பெயர் மாறி, காண்ட்ராக்டர் வேறு ஊருக்குப் போயிருப்பார்.

முதலில் உங்கள் 12 இலக்க யு.ஏ.என்., அதாவது பி.எஃப்.புக்கான உங்கள் நிரந்தர நம்பர், கையில் இருக்க வேண்டும். கம்பெனி மாறினாலும் இந்த நம்பர் மாறாது, மெம்பர் ஐ.டி. மட்டும்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். புதிய இடத்தில் சேரும்போது பழைய யு.ஏ.என்.-ஐச் சொல்லாமல் விட்டால் இரண்டாவது நம்பர் உருவாகலாம், பணம் இரண்டு இடத்தில் பிரிந்து கிடக்கும்.

அடுத்தது போன் நம்பர். பெரும்பாலான சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. சேர்க்கும்போது ஆபீஸில் இருப்பவரோ காண்ட்ராக்டரோ அவசரத்துக்குத் தன் நம்பரைப் போட்டுவிடுவார். அதன்பின் ஓ.டி.பி. எல்லாம் அவருக்குத்தான் போகும், உங்கள் பணத்தை நீங்கள் பார்க்கவே அவர் தயவு வேண்டும். ஆதாரில் உங்கள் நம்பர் இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்துவிட்டு, அதே நம்பரை பி.எஃப்.பிலும் ஏற்றுங்கள். பெயரையும் பாருங்கள். நம்மூரில் இனிஷியல் முன்னால் ஒரு இடத்தில், பின்னால் ஒரு இடத்தில் இருக்கும். ஆதாரில் ‘பழனிச்சாமி ஆர்’, பி.எஃப்.பில் ‘ஆர் பழனிசாமி’ என்று எழுத்தும் மாறும். பணம் எடுக்கும் மனு திரும்பி வர இந்த ஒன்று போதும். ஆதாரில் உள்ளபடியே இருக்கவேண்டும். திருத்துவதற்கு ‘ஜாயின்ட் டிக்ளரேஷன்’ மனு போடலாம். வேலையில் இருக்கும்போதே போட்டுவிடுவது நல்லது. கம்பெனி ஒப்புதல் தேவைப்பட்டால், விட்டு வந்த இடத்தில் வாங்குவது கஷ்டம்.

பார்ப்பதற்குச் சுலபமான வழி மிஸ்டு கால். பதிவான போனிலிருந்து 9966044425-க்கு அடித்தால் இரண்டு ரிங்கில் தானாகவே கட் ஆகும், காசு போகாது. கடைசியாகக் கட்டிய தொகையும் இருப்பும் மெசேஜாக வரும். யு.ஏ.என். ஆக்டிவேட் ஆகியிருந்து, ஆதார், பான், வங்கிக் கணக்கு இவற்றில் ஒன்றாவது இணைந்திருந்தால்தான் இது வேலை செய்யும். முழு விவரம் வேண்டுமென்றால் அரசின் உமங் ஆப்பில் பாஸ்புக்கைத் திறக்க வேண்டும்.

பாஸ்புக்கைப் படிப்பதில்தான் பலருக்குக் குழப்பம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 12,000 ரூபாய் என்று வையுங்கள். உங்களிடம் பிடிப்பது 12 சதவீதம், 1,440. கம்பெனி தன் பங்காக இன்னொரு 1,440 போட வேண்டும். அந்தப் பங்கிலிருந்து, சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது சுமார் 1,000 ரூபாய், பென்ஷனுக்குப் போகும். மீதி 440 மட்டும் பி.எஃப்.பில் ஏறும். ‘கம்பெனி 440தான் போட்டிருக்குது’ என்று சண்டைக்குப் போவதற்கு முன்னால், அதன் பக்கத்திலேயே இருக்கும் பென்ஷன் கட்டத்தைப் பாருங்கள். ஆனால் உங்கள் சம்பளத்திலேயே 2,880 பிடித்திருந்தால் அது சட்டவிரோதம். கம்பெனியின் பங்கைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது.

பாஸ்புக்கில் சம்பளம் என்று ஒரு கட்டமும் உண்டு. பலர் கவனிக்காத இடம் அதுதான். 26 நாள் வேலை செய்தவருக்குப் பத்து நாள் சம்பளம் மட்டும் காட்டிப் பணம் கட்டியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். வாரச் சம்பளக்காரர்கள் ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு சனிக்கிழமையும் எத்தனை ஷிப்ட், எவ்வளவு சம்பளம், எவ்வளவு பிடித்தம் என்று எழுதி வையுங்கள். சில மாதத்தில் ஐந்து சனிக்கிழமை வரும், கூட்டிப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும். ஒன்றரை ஷிப்டில் அந்த அரை ஷிப்ட் ஓவர்டைம் என்றால் அதற்கு பி.எஃப். கிடையாது, அதைக் கழித்துவிடுங்கள். மற்றபடி, எல்லோருக்கும் ஒரேமாதிரி கொடுக்கும் தொகையைப் படி என்று பெயர் மாற்றி பி.எஃப்.பிலிருந்து தப்பிக்க முடியாது. 2019-இல் உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

‘பீஸ் ரேட்டுக்கு பி.எஃப். இல்லைங்க’, ‘நீ காண்ட்ராக்ட் ஆளு கண்ணு’ என்று சொன்னால் நம்பாதீர்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பீஸ் ரேட் டைலருக்கும் உண்டு, செக்கிங் அம்மணிக்கும் உண்டு. காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் வேலை வாங்கிய கம்பெனிதான் பொறுப்பு. சேரும்போதே அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 15,000-க்கு மேல் வாங்கி, அதற்குமுன் பி.எஃப். கணக்கே இல்லாதவருக்கு மட்டும் கட்டாயம் இல்லை.

இரண்டு மாதம் ஏறவில்லை என்றால் அடுத்த வேலை இது: பி.எஃப். இணையதளத்தில் ‘எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ச்’ என்ற பக்கத்தில் கம்பெனி பெயரைப் போடுங்கள். லாகின் தேவையில்லை. எந்த மாதத்துக்கு எவ்வளவு, எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்பது வரும். அந்த மாதம் மொத்தமாகவே கட்டவில்லையா, உங்கள் பெயரை மட்டும் விட்டார்களா என்று பிரிந்துவிடும். புகாரின் பலம் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

புகாரை வாயால் சொல்லாதீர்கள். பி.எஃப். குறைதீர் தளத்தில் யு.ஏ.என். போட்டுப் பதியலாம், பதிவு எண் கிடைக்கும். அதை வைத்து நினைவூட்டல் அனுப்பலாம். கோவை டாக்டர் பாலசுந்தரம் சாலை அலுவலகத்தில் எழுத்தாகவும் கொடுக்கலாம், நகலில் சீல் வாங்காமல் வராதீர்கள். கம்பெனியின் சரியான பெயர், வேலை செய்த யூனிட்டின் முகவரி, சேர்ந்த தேதி, ஏறாத மாதங்கள், பிடித்த தொகை இவ்வளவும் இருக்க வேண்டும். சம்பளக் கவர், ஐ.டி. கார்டு, வங்கியில் சம்பளம் ஏறிய பக்கம், நோட்டுப் பக்கத்தின் போட்டோ ஆகியவற்றை இணையுங்கள். தனியாகப் போட்டால் வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். ஒரே லைனில் நாலைந்து பேர் சேர்ந்தோ, தொழிற்சங்கம் வழியாகவோ போடுவது பாதுகாப்பு. பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம்.

வேலையை விட்டதும் எக்ஸிட் தேதி, அதாவது விட்ட நாள், பி.எஃப். கணக்கில் ஏறியிருக்கிறதா பாருங்கள். கம்பெனி போடாவிட்டால், கடைசிச் சந்தா ஏறி 2 மாதம் கழித்து நீங்களே போடலாம். அதற்காக ஒவ்வொரு முறை கம்பெனி மாறும்போதும் பணத்தை எடுத்துவிடாதீர்கள், புதிய கணக்குக்கு மாற்றுங்கள். பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். பென்ஷன் பணத்தையும் எடுத்தால் அந்தப் பத்து வருஷக் கணக்கு திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும். கமிஷனுக்கு எடுத்துத் தருபவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

கடைசியாக நாமினேஷன், அதாவது உங்களுக்குப் பின் பணம் யாருக்கு என்று பதிவது. உறுப்பினர் வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் உண்டு. உங்கள் போட்டோ, குடும்பத்தாரின் ஆதார், போட்டோ, வங்கிக் கணக்கு இவற்றை வைத்து ஆன்லைனிலேயே போட்டு, ஆதார் ஓ.டி.பி.-யில் இ-சைன் செய்ய வேண்டும். இ-சைன் செய்யாமல் சேவ் மட்டும் செய்தால் அது பதிவாகாது. கல்யாணத்துக்கு முன் அப்பா, அம்மா பெயரில் போட்டது கல்யாணம் ஆனதும் செல்லாது, புதிதாகப் போட வேண்டும்.