கடற்கரையில் படம் போடப் போகிறீர்களா? முதலில் காற்றைப் பாருங்கள்

ராமநாதபுரம் பக்கத்து அரியமான் கடற்கரையில் சித்திரை மாதத்து மாலை ஒன்றில் போய் நின்று பாருங்கள். பாக் விரிகுடா ஏரி மாதிரி கிடக்கும். பேருக்கு ஒரு அலை வந்து கணுக்காலைத் தொட்டுவிட்டுப் போகும். பின்னால் சவுக்குத் தோப்பு. "இங்கே ஒரு திரை கட்டி மூன்று நாள் படம் போட்டால்!" என்று யாருக்கும் ஆசை வரும். வெளிநாட்டு ஏரிக்கரைகளில் நடக்கும் கோடைப் படவிழாக்களைக் கைபேசியில் பார்த்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

எங்களுக்கும் வந்தது. ஒரு கோடையில் ராமநாதபுரம் மாவட்டக் கரையோர ஊர் ஒன்றில் போட்டோம். இரண்டாம் நாள், இடைவேளைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது திரையின் ஒரு பக்கக் கட்டு அறுந்தது. துணி உப்பி, கம்பத்தையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. தள்ளி உட்கார்ந்து வலை சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏப்பா, பாய் கட்டுறதுக்கு முன்னாடி காத்து எங்கிட்டு இருந்து வருதுன்னு பாக்க மாட்டீகளா?"

நமக்குத்தான் அது திரை, காற்றுக்கு அது பாய்மரப் பாய். 20 அடிக்கு 12 அடித் திரையை மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று நேராக அடித்தால், அதன் மேல் ஏறக்குறைய 100 கிலோ அழுத்தம் விழும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். பாம்பன் பழைய ரயில் பாலத்தில் காற்று 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைத்தார்கள். அந்தக் காற்றில்தான் நாம் நைலான் கயிற்றை நம்பித் துணி கட்டினோம். வைகாசி பிறந்து கச்சான் காற்று பிடித்துவிட்டால் மேற்கும் தென்மேற்குமாக விடாமல் அடிக்கும். ஆகவே விழாவைச் சித்திரைக்குள் முடித்துக்கொள்வது நல்லது. திரையைச் சவுக்குத் தோப்பின் மறைவில், முகத்தில் காற்று வாங்காதபடி, விளிம்பு காற்றைப் பார்க்கிற மாதிரி நிறுத்துங்கள்.

முளை அடித்துக் கயிறு கட்டுவது இன்னொரு தவறு. மணலில் முளை நிற்காது. சாக்கில் மணலை நிரப்பி, நடுவில் கயிற்றைக் கட்டி, மூன்றடிக் குழியில் குறுக்காகப் போட்டு மூடுங்கள். மண்ணே அதைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம், காற்று ஏறினால் திரையை இறக்குவது யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அந்த ஆளுக்குப் படம் பார்க்கும் பாக்கியம் இல்லை, பாவம்.

இடத்தைப் பற்றி. தனுஷ்கோடிதான் எல்லோர் மனதிலும் முதலில் வரும். 1964 புயலில் இடிந்த தேவாலயத்தின் பக்கத்தில் படம் போட்டால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே பொழுது சாய்ந்தபின் வெளியாட்கள் தங்க முடியாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அந்த யோசனையே வேண்டாம். மற்றபடி இங்கே கடல் இரண்டு. வடக்கே அமைதியான பெண்கடல், தெற்கே சீறுகிற ஆண்கடல். தெற்குப் பக்கம் போடுகிறவர்கள் கள்ளக்கடலை மறந்துவிடுகிறார்கள். எங்கோ தெற்கே ஆழ்கடலில் கிளம்பிய அலை, இங்கே காற்றோ மழையோ இல்லாமலே கரையேறுவதுதான் கள்ளக்கடல். கோடையில்தான் இந்த எச்சரிக்கைகள் அதிகம் வரும். கடல்நிலை எச்சரிக்கை தரும் மத்திய அரசின் இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அறிவிப்பை விழா நாள் காலையில் பார்த்தே ஆகவேண்டும். காய்ந்த பாசியும் சிப்பியும் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் கோடுதான் கடலின் எல்லை. அதற்கு இந்தப் பக்கம், இன்னும் நன்றாகத் தள்ளியே பாய் விரியுங்கள்.

தேதியைச் சித்ரா பௌர்ணமிக்கு வைப்பது பார்க்க அழகான, ஆனால் பெரிய தவறு. பொழுது சாயும்போதே முழுநிலா கிழக்கே எழுந்து, அந்தப் பக்கம் பார்த்த திரையை வெளுத்துவிடும். போதாததற்குப் பௌர்ணமியிலும் அமாவாசையிலும் கடல் ஏற்றம் கூடுதல். என் யோசனை தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய நாட்கள். நிலா நடுராத்திரி வாக்கில்தான் வரும், கடலும் அதிகம் ஏறாது. அஷ்டமி, நவமியில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் பந்தல்காரரும் ஜெனரேட்டரும் சுலபமாகக் கிடைப்பார்கள்.

நேரக் கணக்கு இன்னும் முக்கியம். இந்தப் பக்கம் மே மாதத்தில் ஆறரை மணியை ஒட்டிச் சூரியன் மறையும். திரை தெளிவாகத் தெரிய ஏழேகால் ஆகிவிடும். திறந்தவெளியில் இரவு பத்து மணிக்கு மேல் பொதுவாக ஒலிபெருக்கி கூடாது. ஆக, கையில் இருப்பது இரண்டே முக்கால் மணி நேரம். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் ஒன்று, ஒரு சின்ன இடைவேளை, அவ்வளவுதான். இதற்குள் மூன்று பேருக்குப் பொன்னாடை போர்த்தி வரவேற்புரையும் வைத்தால் உச்சக்கட்டக் காட்சியைச் சத்தமில்லாமல்தான் பார்க்க வேண்டும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி மாதிரி ஊர்கள் பக்கம் என்றால் இஷா தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தையும் கேட்டு, அப்போது ஒலியைக் குறைத்துவிடுங்கள். ஜமாத்தாக இருந்தாலும் பங்குத்தந்தையாக இருந்தாலும் ஊர்த்தலைவராக இருந்தாலும், நோட்டீஸ் அடித்தபின் போய்ச் சொல்லாமல், அடிக்கும் முன்பே போய்க் கேளுங்கள்.

புரொஜெக்டர் வாடகைக்கு எடுக்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், வெளிச்சத்தின் சரியான அளவான ஆன்சி லூமென்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். நான் சொன்ன அளவுத் திரைக்கு நல்ல இருட்டிலேயே சுமார் 4,000 வேண்டும். ஈர மணலில் ஒயரை விட்டு, அதன் மேல் ஜனங்களை நடக்கவிடுவதுதான் எனக்கு நிஜமாகவே பயம் தரும் தவறு. இணைப்புகள் தரையைத் தொடாமல் உயரத்தில் தொங்கட்டும். கசிவு வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் ஜெனரேட்டரை ஓடவிடாதீர்கள்.

உரிமை விஷயம் சுருக்கமாக. ஓடிடி சந்தா வீட்டில் பார்க்க மட்டுமே. பொதுவில் போட உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், தணிக்கைச் சான்றும் வேண்டும். படம் வெளியான வருடத்துக்குப் பின் 60 ஆண்டு முடிந்துவிட்டால் படத்துக்கான பதிப்புரிமைக் காலமும் முடிந்துவிடும். கறுப்பு வெள்ளைப் படங்கள் போட இதுவும் ஒரு சாக்கு.

திரை கட்டியதும் ஊர் ஜனம் இரண்டு பக்கமும் உட்காரும். திருவிழாவில் படம் பார்த்த பழக்கம் அது. பின்பக்கம் எழுத்து இடவலம் மாறித் தெரிவதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. தடுப்புக் கட்டி அவர்களை விரட்டாதீர்கள். ஆனால் உட்காரும் இடத்தைப் பகலிலேயே நடந்து பாருங்கள். ராவணன் மீசைப் புல் வேட்டியோடு தொடையையும் குத்தும். இடம் பண்ணுகிறேன் என்று அடப்பங்கொடியைப் பிடுங்காதீர்கள், அந்தக் கொடிதான் மணலைப் பிடித்துவைத்திருக்கிறது.

காலி மணல் என்று நாம் நினைப்பதும் காலி இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஆட்கள் ஊரில் இருப்பார்கள், கூட்டம் நிச்சயம். ஆனால் அதே நாட்களில்தான் படகுப் பராமரிப்பும் வலை வேலையும் நடக்கும். நாட்டுப்படகுக்குத் தடையில்லை, அவர்கள் இரவிலும் போய்வருவார்கள். வள்ளம் இறங்கும் வழியில் நாற்காலி போடாதீர்கள், கடலைப் பார்த்து ஃபோகஸ் விளக்கு வைக்காதீர்கள். கரைக்கு வருகிறவர் கண் கூசும். ஆமை முட்டை பொரியும் காலமும் இதுதான். குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பித் திரையைப் பார்த்து நடந்துவரும். முட்டையிடும் கரையா என்று வனத்துறையில் கேட்டபின் இடத்தை முடிவு செய்யுங்கள்.

முடிந்ததும் குப்பையை எல்லோரும் பொறுக்குவார்கள். புதைத்த சாக்குகள்தான் மறந்துபோகும். நாங்கள் எட்டு புதைத்து ஏழு எடுத்திருந்தோம். மறுநாள் விடிகாலை கருவாடு காயப்போட வந்த ஒரு அக்காவின் காலில் அந்த எட்டாவது கயிறு சிக்கியது. அதிலிருந்து ஒவ்வொரு குழியின் மேலும் சுண்ணாம்பில் எண் போட்ட ஒரு கல் வைக்கிறோம்.