மரத்துப்போன இடது கால்

காட்பாடி வீட்டு மாடி அறையில், வழிநடத்த ஆளில்லாமல் நானே மூன்று நாள் ஜென் தியானத்துக்கு உட்கார்ந்தேன். 30 நிமிடம் சுவரைப் பார்த்து ஸாஸென் எனும் அமர்ந்த தியானம், பிறகு 10 நிமிடம் கின்ஹின் எனும் மெதுநடை. முதல் நாளே 20-வது நிமிடத்தில் கால் மரத்தது. இடது கால் மட்டும்.

காலை மாற்றி மடக்கினேன். அதே இடது கால்தான். உட்கார்ந்திருந்த தலையணைமேல் இன்னொன்றை அடுக்கினேன், இன்னும் சீக்கிரம் மரத்தது. தைலம் தேய்த்ததும் வீண். இரண்டு நாள் இப்படியே போனது.

இரண்டாம் நாள் மாலை காபி கொண்டுவந்த மனைவிதான் கவனித்தாள்: "உங்க இடது முட்டி தரையில படவே இல்லீங்களே." கையை விட்டுப் பார்த்தேன், இரண்டு விரல் இடைவெளி. தொங்கும் தொடையின் பாரம் முழுக்கத் தலையணை விளிம்பில் அழுந்தியிருக்கிறது. இரண்டு முட்டி, உட்காரும் இடம் என மூன்றும் ஊன்றினால்தான் முதுகு தானாக நிமிரும்.

இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றே போதும் என்று மேலே இருந்ததை எடுத்தேன். அதன் முன்பக்க மூன்றில் ஒரு பங்கில் மட்டும் உட்கார்ந்தேன். முட்டிக்கு அடியில் ஈரிழைத் துண்டை நான்காக மடித்து வைத்தேன். கோரைப்பாய் மொசைக் தரையில் வழுக்கியதால் அடியில் ஜமுக்காளம் விரித்தேன்.

மூன்றாம் நாள் ஆறு அமர்வு. கால் ஒருமுறைகூட மரக்கவில்லை, அப்பாடா!