ஸ்கிரீன்ஷாட்டில் எண்ணை மறைப்பது எப்படி, மறைந்ததா என்று பார்ப்பது எப்படி

சமூக வலைத்தளங்களில் அடிக்கடி கண்ணில் படும் காட்சி இது. யாரோ ஒருவர் பணம் அனுப்பிய ரசீதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டிருப்பார். கணக்கு எண்ணின் மேல் கறுப்பாக ஒரு கிறுக்கல். மறைத்தாயிற்று என்று அவருக்கு நிம்மதி. நானும் அப்படித்தான் இருந்தேன், நான் மறைத்துப் போட்ட தொலைபேசி எண்ணை நண்பர் ஒருவர் எனக்கே தனிச்செய்தியில் அனுப்பிவைக்கும் வரை.

படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினாராம், அவ்வளவுதான். போனில் நான் எடுத்தது பேனா இல்லை, மார்க்கர். கோடு போட்டாலும் அடியில் இருக்கும் எழுத்து தெரியவேண்டும் என்பதற்காகவே இருக்கிற கருவி அது. நாலைந்து முறை தேய்த்தால் கண்ணுக்குக் கறுப்பாகிவிடும். ஆனால் முழுக் கறுப்பு 0 என்றால், எண் இருந்த இடம் 3 என்றும் சுற்றியுள்ள இடம் 9 என்றும் மிஞ்சி நிற்கும். வெளிச்சம் கூட்டினால் அந்தச் சின்ன வித்தியாசம் பெரிதாகி எண் எழுந்து உட்கார்ந்துவிடும்.

அதற்குப் பிறகு எனக்குக் கிம்ப் தான். 1996-இல் வெளிவந்த, படம் திருத்தும் கட்டற்ற மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். படத்தை ஏற்றினால் திருத்தித் தருகிறோம் என்கிற தளங்கள் எனக்குப் பிடிக்காது. ஊருக்குக் காட்டக்கூடாத படத்தை முதலில் முன்பின் தெரியாத சர்வரிடம் கொடுப்பானேன்?

நிறுவியதும் படத்தைத் திறந்து ஆர் எழுத்தைத் தட்டுங்கள், செவ்வகத் தேர்வு வரும். எண்ணைச் சுற்றிக் கொஞ்சம் தாராளமாகவே இழுங்கள். இடப்பக்கப் பெட்டியில் 'ஃபெதர் எட்ஜஸ்' டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஓரம் மங்கலாக நிற்கும். அப்புறம் டி எழுத்து, நிறம் கறுப்பாகும். கன்ட்ரோலுடன் காற்புள்ளி விசை, கட்டம் நிரம்பிவிடும். எதுவுமே நடக்கவில்லையா? தட்டச்சு தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் இதில் அரைமணி நேரம் தொலைத்திருக்கிறேன்.

'சேவ்' கொடுத்தால் கிம்ப் தன் சொந்த எக்ஸ்சிஎஃப் கோப்பாகத்தான் சேமிக்கும். வலைத்தளங்கள் அதை ஏற்காது. 'எக்ஸ்போர்ட் ஆஸ்' கொடுத்து, புதுப் பெயரில் பிஎன்ஜி ஆக்குங்கள்.

இனி சோதனை. ஏற்றுமதி செய்த கோப்பைத் திறந்து 'கலர்ஸ்' மெனுவில் 'லெவல்ஸ்' போங்கள். மேலே உள்ள வரைபடத்தின் அடியில் வலக்கோடியில் இருக்கும் வெள்ளை முக்கோணத்தை இடப்பக்கம் கிட்டத்தட்ட முழுக்கத் தள்ளுங்கள். படம் வெளிறிப்போகும், உங்கள் கட்டம் மட்டும் ஒரே கறுப்பாக நிற்கவேண்டும். உள்ளே ஏதாவது நிழலாடினால் முதலிலிருந்து செய்யுங்கள்.

கறுப்புக்குப் பதில் மங்கலாக்கினால் அழகாக இருக்குமே என்பார்கள். இருக்கும்தான், ஆனால் எண்கள் பத்தே பத்து. ஒவ்வொன்றையும் அதேபோல் மங்கலாக்கி ஒப்பிட்டுப் பார்த்தால் எது எதுவென்று கண்டுபிடித்துவிடலாம். கட்டம் கட்டமாகச் சிதைத்த எழுத்தை மீட்க 2020-லேயே டெபிக்ஸ் என்கிற இலவசக் கருவி வந்துவிட்டது.

வெட்டிவிட்டால் போதாதா? பெரும்பாலும் போதும். ஆனால் 2023-இல் கூகுள் பிக்சல் போன்களின் திருத்தும் கருவியிலும் விண்டோஸ் ஸ்னிப்பிங் கருவியிலும், வெட்டிய பகுதி கோப்பின் வாலிலேயே தங்கியிருந்தது தெரியவந்தது. இப்போது சரிசெய்துவிட்டார்கள், அதற்கு முன் வெட்டிப் பகிர்ந்த படங்கள் மட்டும் அப்படியே கிடக்கின்றன.

பிற்சேர்க்கை: நிரப்பாமல் டெலீட் விசையைத் தட்டினேன், அதுவும் சரிதானே என்று ஒருவர் கேட்டிருந்தார். சரியில்லை. சில படங்களில் டெலீட் அந்த இடத்தை ஒளிபுகும்படி மட்டும் ஆக்கும், நிறம் உள்ளேயே இருக்கும். பிஎன்ஜி ஏற்றுமதியில் ஒளிபுகும் பிக்சல்களின் நிறத்தையும் சேமிக்கச் சொல்லும் டிக் ஒன்று உண்டு. அது விழுந்திருந்தால் எண்ணும் கூடவே போய்விடும். இன்னொருவர் பயணச்சீட்டில் பெயரை ஒழுங்காக மறைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த கியூஆர் கட்டத்தை விட்டுவிட்டார். அதை என் போனில் காட்டியதும் அவர் பெயர் முழுசாக வந்தது.