நாய்க்கு வயிற்றுப்போக்கா? வீட்டில் இதையெல்லாம் செய்யாதீர்கள்

நாய்க்கு லூஸ் மோஷன் என்றதும் நிறையப் பேருடைய கை முதலில் போவது வீட்டு மருந்து டப்பாவுக்குத்தான். நமக்குப் போக்கை நிறுத்தத் தரும் லோபெரமைடு மாத்திரையில் பாதியை உடைத்துச் சோற்றில் வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கோலி, ஷெல்டி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் மாதிரி இனங்களில் பல நாய்களுக்கு ஒரு மரபணுக் குறை உண்டு, அவற்றுக்கு இந்த மருந்து மூளைக்குள் ஏறித் தள்ளாட்டம், மயக்கம் வரை கொண்டுபோய்விடும். உங்களுடையது நாட்டு நாயாகவே இருந்தாலும், கெட்டுப்போனதைத் தின்றோ கிருமியாலோ வயிறு கலங்கியிருந்தால், வெளியே போக வேண்டியதைக் குடலிலேயே தேக்கி வைப்பதில் என்ன லாபம்? போன தடவை டாக்டர் எழுதிய மெட்ரானிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மிச்சம் இருக்கிறதே என்று எடுத்துப் போடுவதும் தப்புதான். அதன் அளவு நாயின் எடையைப் பொறுத்தது, கூடினால் நரம்பைப் பாதிக்கும். லேசான வயிற்றுப்போக்கு பெரும்பாலும் ஆன்டிபயாடிக் இல்லாமலே இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும்.

லேசானது என்றால் எது? வளர்ந்த நாய், வால் ஆட்டுகிறது, தண்ணீர் குடிக்கிறது, வாந்தி இல்லை, ரத்தம் இல்லை, மலம் மட்டும் இளகிப் போகிறது. இவ்வளவுதான்.

குட்டிக்கு இந்தக் கணக்கு செல்லாது. தடுப்பூசி முழுதாகப் போடாத குட்டி சுருண்டு படுத்துக்கொண்டு, வாந்தி எடுத்து, நாற்றத்தோடு ரத்தம் கலந்து போனால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், அந்த ஒரு ராத்திரியிலேயே குட்டி கைவிட்டுப் போய்விடக்கூடும்.

அடுத்தது சாப்பாடு. வயிறு சரியில்லை என்றால் நமக்கு ரசம் சாதம், அதையே நாய்க்கும் பிசைந்து வைக்கிறோம். ரசத்தில் பூண்டு, சாம்பாரில் வெங்காயம், இரண்டுமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பாலும் வேண்டாம், பல வளர்ந்த நாய்களுக்கு அது செரிக்காமல் இன்னும் பேதியாகும். தோலும் எலும்பும் கொழுப்பும் எடுத்த கோழிக்கறியை உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் போடாமல் வேகவைத்து, ஒரு பங்கு கறிக்கு இரண்டு பங்கு குழைந்த சாதம் சேர்த்து, ஒரே வேளையாகக் கொட்டாமல் நாலைந்து தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். வேகவைத்த பரங்கிக்காய் ஒன்றிரண்டு ஸ்பூன் சேர்த்தால் நல்லது. வயிற்றைக் காயப்போட வேண்டும் என்று நாள் முழுக்கப் பட்டினி போடுவது பழைய பழக்கம். குட்டிகளுக்கும் சின்ன உருவ நாய்களுக்கும் அது ஆபத்து, சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

எனக்கு ரொம்பக் கவலை தருவது தண்ணீர்க் கிண்ணத்தையே எடுத்து வைத்துவிடுகிறவர்களைப் பார்த்தால்தான். குடித்தால்தானே போகிறது என்று நினைக்கிறார்கள், ஆனால் வயிற்றுப்போக்கில் நாய் துவண்டு போவதே உடம்பில் நீர் வற்றுவதால்தான். கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கட்டும். ஓஆர்எஸ் கொடுத்தால் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் முழு பாக்கெட்டையும் கரைக்க வேண்டும், அரை டம்ளரில் கெட்டியாகக் கரைத்தால் உப்பு கூடிப்போகும். குடிக்க மறுத்தால் வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். மேல் உதட்டைத் தூக்கி ஈற்றைத் தொட்டுப் பாருங்கள். வழவழவென்று ஈரமாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். விரல் பிசுபிசுவென்று ஒட்டினாலோ, தோள்பட்டைத் தோலை இழுத்துவிட்டால் மெதுவாக இறங்கினாலோ, வீட்டு வைத்தியத்தை அத்தோடு நிறுத்திவிட்டு டாக்டரிடம் கிளம்புங்கள். தார் மாதிரி கறுப்பாகப் போனாலும், ஈறு வெளிறியிருந்தாலும், இரண்டு நாளில் குறையாவிட்டாலும் அப்படித்தான்.

போகும்போது அன்றைய மலத்தைக் கொஞ்சம் சுத்தமான டப்பாவில் எடுத்துப் போங்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். கொக்கிப்புழுவா, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியா என்று மலத்தைப் பரிசோதித்தால்தான் தெரியும், எந்தப் பூச்சி என்று தெரியாமல் கடையில் வாங்கிப் போடும் பூச்சி மருந்து எல்லாவற்றுக்கும் கேட்காது. அப்புறம், மலம் கெட்டியானதும் அன்றைக்கே பழைய தீனிக்குத் தாவிவிடாதீர்கள். நாலைந்து நாள் சாதத்தைக் குறைத்துத் தீனியைக் கூட்டிக்கொண்டே வந்தால் வயிறு மறுபடி கலங்காது.