துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த பிறகு

மனநல வாட்டில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியதும் 'இனிச் சுகம்தானே' என்று கிளினிக் கொப்பி சாமிப்படத்துக்குப் பின்னால் போய்விடும். ஆனால் வீடு திரும்பிய முதல் சில வாரங்களில்தான் தற்கொலை ஆபத்து அதிகம். யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியோ போதனா வைத்தியசாலையோ, முதல் கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள். தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தும் வீட்டிலுள்ள குளிசைகளும் பூட்டிய அலுமாரிக்குள் இருக்கட்டும்.

நித்திரை வருகிறது, சாப்பிடுகிறார், பிறகேன் குளிசை? அந்தச் சுகமே குளிசையால் வந்ததுதான். எந்நேரமும் தூக்கம், நிறை கூடுகிறது என்றால் டொக்டரிடம் சொல்லுங்கள், மாற்ற வழியுண்டு. குளோசபின் என்ற மனநோய்க் குளிசையை 2 நாளுக்கு மேல் விட்டவர் பழைய அளவில் திரும்பத் தொடங்கக்கூடாது. சிறிய அளவிலிருந்துதான் ஏற்றுவார்கள். வாட்டில் விட்ட சிகரெட்டை வீட்டில் மறுபடி பிடித்தாலும் இரத்தத்தில் அந்த மருந்து குறைந்துவிடும். கிளினிக்கில் கேட்காவிட்டாலும் நாமாகச் சொல்ல வேண்டும்.

லித்தியம் என்ற மனநோய் மருந்தை எடுப்பவர் கந்தசஷ்டிக்கு 6 நாளும் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தால் என்ன ஆகும்? உடம்பில் நீர் வற்ற, மருந்து இரத்தத்தில் ஏறி நஞ்சாகும். வாந்தி, கை நடுக்கம், தள்ளாட்டம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு. முழங்கால் நோவுக்கு வாங்கும் ஐபுபுரூபனும் இதே வேலையைச் செய்யும். நேர்த்தியை முருகன் பொறுப்பார், சிறுநீரகம் பொறுக்காது.

மருந்தைப் பூட்டச் சொன்னதற்காக ஆளையும் பூட்டிவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த வீட்டில் மகன் கிணற்றடிக்குப் போனால், வாளிச் சத்தம் கேட்கிறதா என்று தாய் காது கொடுத்தபடி நிற்பார். நாலாம் நாள் அவன் கத்தினான்: "அம்மா, நான் குளிக்கத்தான் வந்தனான்!" ஏச்சைப் போலவே மிதமிஞ்சிய கவனிப்பும் நோயைத் திருப்பிக் கொண்டுவரலாம் என்று 1970களிலேயே ஆய்வுகள் காட்டின. ஆட்டுக்குக் குழை வெட்டவோ கடைக்குப் போகவோ விடுங்கள்.

'ஒரு கலியாணத்தைக் கட்டிவைத்தால் சரியாகிவிடும்' என்பார்கள் சொந்தக்காரர். சரியாகாது. மறைத்துக் கட்டினால், பெண் வீட்டுக்குத் தெரியக்கூடாதென்று முதலில் நின்றுபோவது குளிசைதான்.

அப்புறம், போன தடவை வருத்தம் தொடங்கியபோது முதலில் என்ன மாறியது? இரவிரவாக நடந்தாரா, குளிக்காமல் விட்டாரா? கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். பக்கத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம்: 1926. சாமத்திலும் எடுக்கலாம்.